மூடிக்குக் கீழே ஏழு மாடி

பேருந்து நிலையத்து விசாரணை கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் நான். இருபத்திரண்டு வருஷமாக அதே கண்ணாடி, அதே ஓட்டை, அதே கால் ஆடும் ஸ்டூல். ஆள் வந்து நின்று வாயைத் திறப்பதற்குள் என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஒரு கையில் குழந்தை, மறு கையில் பையோடு மூச்சிரைக்க ஒருத்தி வந்தால், "நாலாவது பிளாட்பாரம், இப்பதான் கிளம்புது, ஓடும்மா." கையில் ஸ்கேன் கவரோடு ஒருவர் வந்தால், "பெரிய ஆஸ்பத்திரியா? பன்னெண்டாம் நம்பர், கால் மணிக்கு ஒண்ணு." பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். மிச்சம் ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி நான் கவலைப்பட்டது கிடையாது.

நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை, என் வீட்டுக்காரரைப் பற்றி. ஆனால் என்னைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. அதுதான் தொல்லையே.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரே கம்பெனியில் இருபத்தேழு வருஷம். ஊரில் எந்தக் கட்டடத்தின் பெயரும் அவருக்குத் தெரியாது. தும்முற லிஃப்ட், கதவு ரெண்டு தடவை யோசிக்கிற லிஃப்ட், மூணாவது மாடியில மூக்கைச் சிந்துற லிஃப்ட், இப்படித்தான் அவருக்கு ஊர். எங்கள் மகள் பிறந்த ஆஸ்பத்திரியைக்கூட, "பட்டன் ஒட்டிக்குமே, அங்கதானே பொறந்தா?" என்றுதான் கேட்பார். பேச்சு குறைச்சல். நான் நூறு வார்த்தை பேசினால் அவர் மூன்று பேசுவார். ஒரு வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்று விட்டுவிட்டாரோ என்னவோ.

வேலையில் மட்டும் படு கறார். மொட்டை மாடியில் மோட்டார் அறைக்குள் போய்க் கன்ட்ரோல் பேனலைத் திறந்தார் என்றால், தேநீர் குடிக்க இறங்குவதாக இருந்தாலும் மூடியை மாட்டி, நான்கு மூலையிலும் திருகாணியை முடுக்கிவிட்டுத்தான் இறங்குவார். "அஞ்சு நிமிஷத்துக்கு எதுக்குண்ணே?" என்று கேட்டவர்களிடம், "எலி வாட்ச் பார்த்துட்டு வராதுப்பா" என்பாராம். கம்பெனியில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

போன வருஷம் ஒரு காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நல்லவேளையாக அவருடைய கையும் பிழைத்தது, காலும் பிழைத்தது. பேச்சு மட்டும் போய்விட்டது. "தலைக்குள்ள எல்லாம் பத்திரமா இருக்கும்மா. நாம பேசறது நல்லாப் புரியும். வார்த்தை வெளிய வர்ற பாதைதான் அடைபட்டிருக்கு" என்றார் டாக்டர். எழுத்தும் அதோடு போயிற்று. எண்கள் மட்டும் என்ன காரணத்தாலோ தங்கிவிட்டன. வாயில் மிஞ்சியது 'அது' என்ற ஒரே சொல். பசித்தாலும் அது, கரண்ட் போனாலும் அது, கோபம் வந்தாலும் அது.

நான் என்ன செய்ய? எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். அவர் "அது..." என்று ஆரம்பித்ததுமே, "தண்ணியா? ஃபேனைக் குறைக்கணுமா? மக கூப்பிட்டாளான்னா கேக்கறீங்க? கூப்பிட்டா, நல்லாயிருக்கா" என்று கொட்டிவிடுவேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். பார், எவ்வளவு சுலபமாகச் சமாளிக்கிறேன் என்று மனசுக்குள் ஒரு பெருமை வேறு.

ஆறு மாதம் பொறுத்துப் பார்த்த கம்பெனி சூப்பர்வைசரை அனுப்பியது. அவர் என் வீட்டுக்காரருக்குக் கீழே வேலை பழகி மேலே போனவர், ஈரமுள்ள மனுஷன். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு என்னிடம்தான் பேசினார்.

"அண்ணி, ஆபீஸ்ல ஃபால்ட் டெஸ்க்னு ஒண்ணு இருக்கு. சைட்டுக்குப் போன மெக்கானிக் எங்கயாவது மாட்டிக்கிட்டா போன்ல கேப்பாங்க. அங்க உக்காந்துக்கிட்டு என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும். அண்ணனுக்குத் தெரியாத கோளாறு இல்ல. ஆனா மனசுல இருக்கறத அடுத்தவனுக்குப் புரியவைக்கணும்ல? படம் போட்டு அனுப்பினாக்கூடப் போதும். ரெண்டு மாசம் கேட்டு வாங்கியிருக்கேன். அப்புறம் நானே வந்து பார்த்துட்டு எழுதிக் கொடுக்கணும். முடியலைன்னா வேலையை விட்டு அனுப்பிடுவாங்க. என் கையில இல்ல."

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் வெகுநேரம் அசையவில்லை. அன்று சாப்பிடவும் இல்லை. அவருக்கு வேலை என்றால் உயிர். அது போனால் இந்த மனுஷன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தே தேய்ந்துபோவார் என்று எனக்குத் தெரியும்.

வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டுக்கு வந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்தான் வழி சொன்னாள். "வரையற ஆப் ஒண்ணு இருக்குக்கா. பேனாவால டேப்லெட்லயே வரையலாம். அழிக்கலாம், நகர்த்தலாம், உடனே அனுப்பலாம். வயரிங் படம் போட்டுப் போட்டுச் சாருக்கு வரையறது கை வந்த கலைதானே?" வெளியூரில் வேலை பார்க்கும் மகள் தன் பழைய டேப்லெட்டை அனுப்பிவைத்தாள்.

முதல் நாள் அவர் அதை வரையும் பொருளாகவே மதிக்கவில்லை. விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிக் காதை வைத்துப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். உள்ளங்கை பட்ட இடமெல்லாம் கோடு. இரண்டு விரலால் தொட்டால் கடைசியாகப் போட்டது மறைந்துவிடும் என்று அந்தப் பெண் காட்டியதும், தொட்டுத் தொட்டு எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, மறைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு வித்தையும் அதில் உண்டு. கோடு போட்டுவிட்டுப் பேனாவை எடுக்காமல் பிடித்திருந்தால், கோணல் கோட்டை அதுவே நேராக்கிவிடும். அது இவருக்குப் பிடிக்கவே இல்லை. என் கோட்டைத் திருத்த நீ யார் என்பதுபோல அதை மறைத்துவிட்டு, மறுபடி கையாலேயே போட்டுச் சட்டென்று பேனாவை எடுத்துக்கொண்டார். சும்மா சொல்லக்கூடாது, ஸ்கேல் வைத்தது மாதிரி இருந்தது.

மெனுவில் ஒவ்வொன்றாகப் பழகினார். பிரஷ், ரப்பர், நிறம் கொட்டும் வாளி, சுற்றி வளைத்துப் பிடித்து நகர்த்துகிற வளையம். நான்காம் நாள் ரப்பர் வேலை செய்யவில்லை. எவ்வளவு தேய்த்தாலும் நாற்காலிப் படம் அழியாமல் உட்கார்ந்திருந்தது. நான் உடனே மகளுக்குப் போன் போட்டேன்.

"உன் டேப்லெட்ல ரப்பர் தேஞ்சுபோச்சுடி."

"அம்மா, அதெல்லாம் தேயாதும்மா. வேற லேயர்ல இருப்பாரு. லேயரைப் பாரு."

லேயரையாவது வாயரையாவது. அந்தப் பெண் வந்துதான் விளக்கினாள். ஒரே படத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தாள்கள் உண்டு. கண்ணாடி மாதிரி மேலிருந்து பார்த்தால் எல்லாம் சேர்ந்து தெரியும். எந்தத் தாளில் நிற்கிறோமோ அதில் உள்ளதைத்தான் ரப்பர் அழிக்கும். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு கண் உண்டு, அதைத் தொட்டு மூடினால் அந்தத் தாள் மறைந்துகொள்ளும். எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது" என்று பேனாவைப் பிடுங்கி, ஒரு கட்டடத்தை நெடுக்காக வெட்டியதுபோல வரைந்தார். அப்புறம் லேயர் பட்டியலைத் திறந்து, அடியில் இருந்ததற்கு 0 என்று பெயர் வைத்தார். அதற்கு மேலே 1, 2, 3. அடக்கடவுளே, இந்த மனுஷனுக்கு இது தாளும் இல்லை, கண்ணாடியும் இல்லை. மாடி. கண்ணை மூடினால் அந்த மாடியில் விளக்கை அணைத்த மாதிரி.

மாடி என்றால் உச்சியில் மோட்டார் அறை வேண்டுமே. அதையும் போட்டார். ஆனால் புதிதாக ஒரு லேயர் சேர்த்தால் அது எல்லாவற்றுக்கும் மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். உடனே பதறி, மோட்டார் அறையை இழுத்து மறுபடி உச்சியில் வைப்பார். "சார், அது எங்க இருந்தாலும் ஒண்ணும் ஆகாது" என்றாள் அந்தப் பெண். அவர் அவளைப் பார்த்த பார்வையில் பிள்ளை வாயை மூடிக்கொண்டது.

அதற்கப்புறம் அவர் பாட்டுக்கு மூலையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார். நானும் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் வந்து, "இன்னிக்கு என்ன போட்டீங்க, காட்டுங்க" என்று டேப்லெட்டை வாங்கினால் வெறும் வெள்ளை. மறுநாளும் வெள்ளை. ஒரு வாரம் இப்படியே. நான்கு மூலையிலும் பொட்டுப் பொட்டாக அழுக்கு வேறு. முந்தானையால் துடைத்தால் போகவில்லை. சூப்பர்வைசர் வர மூன்று வாரம்தான் பாக்கி. இந்த மனுஷனோ கொஞ்சமும் பதற்றமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு விடுமுறை நாள் அது. காலையில் எழுந்து அவர் முன்னாலேயே டேப்லெட்டைத் திறந்தேன். வெள்ளை. எனக்கு வந்ததே கோபம்.

"ஏங்க, ஒரு வாரமா இதுக்கு வெள்ளையா அடிச்சுட்டிருக்கீங்க? அவர் வந்து கேட்டா என்னத்தைக் காட்டுவீங்க? உங்களுக்காக நான் ஒருத்தி எத்தனை பேர்கிட்டதான் பேசறது? தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு எனக்கு."

"அது..."

"என்ன அது? சார்ஜர் வேணுமா?"

அவர் என் கையிலிருந்து டேப்லெட்டை வாங்கினார். அந்த நான்கு அழுக்குப் பொட்டையும் இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டினார். அழுக்கில்லை. திருகாணி. ஒவ்வொன்றின் நடுவிலும் ஸ்குரூ டிரைவர் வைக்கிற கோடுகூட இருந்தது. பட்டியலைத் திறந்து மேலே இருந்த கண்ணைத் தொட்டார். வெள்ளை போயிற்று. வேலை முடிந்ததும் பேனலுக்கு மூடி மாட்டிவிட்டுத்தான் மனுஷன் இறங்கியிருக்கிறார், ஒவ்வொரு நாளும். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அசடு வழிந்தது.

மூடிக்குக் கீழே ஏழு மாடி இருந்தது. ஒவ்வொன்றாக விளக்கைப் போட்டுக் காட்டினார். அடியில் எங்கள் குளியலறைக் குழாய், சொட்டுகிற இடத்தில் ஓர் அம்புக்குறி. மூன்று நாளாக அவர் "அது, அது" என்றபோதெல்லாம் நான் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருந்தேன். அவரும் மரியாதைக்குக் குடித்திருக்கிறார். அடுத்ததில் மகளின் முகம், வீடியோவில் தெரிகிற மாதிரி. கண்களுக்குக் கீழே கருவளையம் தீட்டியிருந்தது. நல்லாயிருக்கா என்று நான் அடித்துச் சொன்ன மகள். அதற்கு மேலே ரிலே, கதவு, மோட்டார் என்று எனக்குப் புரியாத லிஃப்ட் சமாச்சாரங்கள், நறுக்குத் தெறித்த மாதிரி கோடுகள்.

ஏழாவதைப் போடாமல் தாண்டப் பார்த்தார். நான் விடவில்லை.

விசாரணை கவுண்டர். கண்ணாடிக்குப் பின்னால் நான், வாயைத் திறந்து, கையை நீட்டி வழி சொல்லிக்கொண்டிருக்கிறேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரிசை. வரிசையில் ஒரே ஓர் ஆள்தான், அவர். அவரும் வாயைத் திறந்திருக்கிறார். ஆனால் நான் அவரைப் பார்க்கவில்லை.

கோபமாக வரைந்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அதில் கோபமே இல்லை. என் மூக்குத்திகூட விடாமல், அவ்வளவு பிரியமாக வரைந்திருந்தார். நான் அழுதேன். அவர் பதறிப்போய் "அது, அது" என்று பட்டியலில் இருந்த கண்ணைத் தொட்டு அந்த மாடியை இருட்டாக்கினார்.

அன்று மகளுக்குப் போன் போட்டு, "கண்ணு ஏண்டி அப்படியிருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். முக்கால் மணி நேரம் பேசினாள். இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லையாம்.

வாயைக் கட்டுவது என்பது சும்மா இல்லை. அவர் "அது" என்றதும் என் நாக்கு நுனியில் பத்துப் பதில் வந்து முட்டும். ஒரு நாள் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒரு நாள் முடியாமல் எழுந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்காரியோடு அரை மணி நேரம் பேசித் தீர்த்துவிட்டு வந்தேன். பாதி நாள் தோற்றுத்தான் போனேன்.

சூப்பர்வைசர் சொன்ன நாளில் வந்தார். தேநீர் கொடுத்துவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எழுந்து போயிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"அண்ணே, நிஜமாவே எங்களைப் படுத்திக்கிட்டிருக்கற ஒரு கோளாறு" என்று ஆரம்பித்தார் அவர். "நாலு மாடிக் கட்டடம். ரெண்டாவது மாடியில மட்டும், ஏறும்போது மட்டும், லிஃப்ட் நாலு விரல் கீழயே நின்னுடுது. இறங்கும்போது கரெக்டா நிக்குது. பிரேக் மாத்தியாச்சு, கன்ட்ரோல் கார்டு மாத்தியாச்சு. ஒண்ணும் நடக்கல."

என் வீட்டுக்காரர் புதுப் படம் ஒன்றைத் திறந்தார். லிஃப்ட் போகிற குழியை நெடுக வரைந்தார். நான்கு மாடிக்கும் நான்கு கோடு. குழியின் ஓரமாக நெடுக்கில் கட்டைக் கட்டையாக ஏதோ போட்டார். அவருக்கு அவசரமே இல்லை. சூப்பர்வைசர் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, வழக்கம்போல என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்றாரு அண்ணி?"

கேட்டுவிட்டாரே. இருபத்திரண்டு வருஷப் பழக்கம், முந்திரிக்கொட்டை மாதிரி வெளியே வந்து விழுந்தது. "கயிறு. கயிறு தேஞ்சுபோயிருக்குங்கறாரு."

சூப்பர்வைசரின் முகம் விழுந்துவிட்டது. "கயிறு தேஞ்சா எல்லா மாடியிலயும்ல நழுவும்?" என்று மெதுவாகச் சொன்னார். நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதப் போனார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை. இவ்வளவுதானா என்கிற பார்வை. இருபத்தேழு வருஷ வேலையை என் ஒற்றைச் சொல்லால் அம்போவென்று விட்டுவிட்டேனே என்று எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது.

"ஐயோ, எழுதாதீங்க" என்றேன். "அது நான் சொன்னது, அவர் சொல்லல. எனக்கு லிஃப்டைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. நீங்க அந்தப் பக்கம் போய் அவர்கிட்ட உக்காருங்க. என்னைப் பார்க்காதீங்க, பார்த்தா நான் பேசிடுவேன்."

சூப்பர்வைசர் ஒரு கணம் விழித்தார். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அவருக்கு அருகில் போட்டுக்கொண்டார். எனக்கு இரண்டு முதுகுகள்தான் தெரிந்தன.

அதற்கப்புறம் நடந்ததை அந்த முதுகுகளின் இடுக்கில்தான் பார்த்தேன். என் வீட்டுக்காரர் இன்னொரு மாடி சேர்த்து, அதில் லிஃப்ட் பெட்டியைத் தனியாக வரைந்தார். வளையத்தால் பெட்டியைப் பிடித்து, கீழிருந்து மேலே நகர்த்தினார். ஒவ்வொரு மாடியிலும் அந்தக் கட்டைக்கு நேராக வந்ததும் நிறுத்தினார். ரெண்டாவது மாடியில் மட்டும் கட்டை கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. பெட்டி அங்கேயே நின்றது, மாடிக் கோட்டுக்குக் கீழே. பேனாவால் அந்த இடைவெளியைத் தட்டி, நான்கு விரலைக் காட்டினார். பிறகு அந்தக் கட்டையை மட்டும் வளைத்துப் பிடித்து மேலே ஏற்றிவிட்டு, பெட்டியை மறுபடி அடியிலிருந்து கொண்டுவந்தார். கோட்டோடு கோடாக நின்றது.

"காந்தம்" என்றார் சூப்பர்வைசர். "ஏறும்போது நிறுத்தற காந்தம். அந்த ஒரு மாடியில மட்டும் நழுவியிருக்கு. அட, நாங்க மேல மோட்டார் ரூம்லயே பார்த்துக்கிட்டிருந்தோம்ணே." எழுந்து ஜன்னல் பக்கம் போய்ச் சைட்டில் இருக்கும் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். என் வீட்டுக்காரர் அதற்குள் படத்தைச் சூப்பர்வைசருடைய போனுக்கே அனுப்பிவிட்டார். இருபது நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. பிராக்கெட் லூசாகிக் காந்தம் நான்கு விரல் இறங்கியிருக்கிறதாம்.

சூப்பர்வைசர் நோட்டில் நீளமாக என்னவோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். முகமெல்லாம் சிரிப்பு. மூடி வைத்துவிட்டு, பழக்கதோஷம், மறுபடி என்னிடமே வந்தார்.

"அப்ப அண்ணி, திங்கக்கிழமையிலருந்து அனுப்பி வைக்கறீங்களா?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்படியே கொட்டிவிட ஆயிரம் இருந்தது.

"அவர்கிட்ட கேளுங்க" என்றேன்.

அவர் திரும்பி, "அண்ணே, திங்கக்கிழமை வர்றீங்களா?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். "அது..." என்றார். நின்றுவிட்டது. நெற்றி சுருங்கியது. உதடு குவிந்து, விரிந்து, மறுபடி குவிந்தது. சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. இவ்வளவு நேரம் நான் ஒருநாளும் அவரை விட்டுவைத்ததில்லை.

"எத்தன..." என்றார் அவர். வேர்த்துவிட்டது. "மணிக்கு?"

எட்டரைக்கு. எனக்குத் தெரியாதா? இருபத்தேழு வருஷமாக அனுப்பி வைத்தவள் நான். எந்த வண்டி, எந்தப் பிளாட்பாரம் என்பதுகூட நாக்கு நுனியில் இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சூப்பர்வைசர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எட்டரைக்கு வந்துடுங்கண்ணே" என்று அவரிடம் சொன்னார்.